தொட்டால் குதிக்கிற ஜீப்

பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்திவிட்டுக் குனிந்தால் முதலில் வருவது ஏலக்காய் வாசம்தான், டீசல் வாசம் அதற்குப் பின்னால் தயங்கி வரும். எஞ்சினுக்குள் ஏலக்காய் எப்படிப் போய் உட்காரும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முப்பத்திரண்டு வருசமாக முந்தலிலிருந்து போடிமெட்டு ஏறி, தோட்ட வேலைக்குப் போகிற பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டுச் சாயந்தரம் கூட்டிவருகிற ஜீப். அவர்கள் சேலையிலும் விரலிலும் ஒட்டியது வண்டிக்கும் ஒட்டிவிட்டது போல. இன்றைக்கு ஞாயிறு, தோட்டத்துக்கு லீவு, மணி ஒன்பது. நாளைக் காலை ஆறு மணிக்கு இலவமரத்து முக்கில் பதினொரு பேர் தூக்குச்சட்டியோடு நிற்பார்கள், அல்லது நிற்கமாட்டார்கள். அந்த அல்லதுதான் நாலு நாளாக என்னைச் சாப்பிடவிடவில்லை. செவ்வாய்க்கிழமை சாயந்தரம் தோட்டத்துக்குள்ளே, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரிலிருந்து ஓடைப் பக்கம் இறங்குகிற கல் பாதையில், நான் பெடலைத் தொட்டேன், தொட்டது மட்டும்தான், ஜீப் கன்றுபோட்ட பசு மாதிரி எகிறிக் குதித்தது. பிரேக்கைப் பிடித்து நிறுத்தியபோது முன்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு முழம் இருந்திருக்கும். கீழே ஓடையின் சத்தம் கேட்டது. அதுவரை அந்த ஓடைக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. பின்னால் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்னால் உட்கார்ந்திருந்த பாண்டியம்மாளக்காவின் நெற்றி மேல்கம்பியில் இடித்துப் புடைத்திருந்தது, அதை முந்தானையால் மூடிக்கொண்டு, பதினேழு வளைவும் இறங்கி முந்தல் வரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். இறங்கும்போதுதான், மற்றவர்கள் நடந்து போகட்டும் என்று நின்று, ஜன்னல் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, பெடலச் சரி பண்ணிக்க. அதுவரைக்கும் நாங்க வேற வண்டியில போய்க்கிறோம். தப்பா எடுத்துக்காத." தப்பாக எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது. பெடல் என்றுதானே சொன்னார். பெடலைத்தானே சொன்னார்.

ஆக்சிலேட்டர் தொட்டால் குதிக்கிறது. அவ்வளவுதான் கோளாறு. பழைய டீசல் வண்டியில் இது ஒன்றும் மாயமில்லை, பெடலிலிருந்து ஒரு ராடு, ராடு போய்ச் சேருகிற இடத்தில் முழங்கை மாதிரி மடங்கிய ஒரு இரும்பு, முழங்கையிலிருந்து இன்னொரு ராடு, அது பம்ப் லீவரைப் பிடித்து இழுக்கிறது, லீவர் திரும்பினால் டீசல் கூடுதலாகப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்றுமே இல்லை. எந்த இடத்தில் ஆட்டம் இருக்கிறதோ அந்த இடத்தைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தால் போதும். முழங்கைக்குள் இருக்கிற புஷ் என்கிற வளையம் தேய்ந்திருந்தது, புதன்கிழமை போடிக்குப் போய் வாங்கி வந்துவிட்டேன். திரும்ப இழுக்கிற ஸ்பிரிங் தொய்ந்திருந்தது, அதற்குப் புதுசு, பக்கத்திலேயே இன்னொன்று, ஆக இரண்டு ஸ்பிரிங். அதுவும் போதாது என்று ராடைக் கழற்றி பம்ப் லீவரின் உள் ஓட்டையிலிருந்து வெளி ஓட்டைக்கு மாற்றுகிறேன், அப்போது பெடல் அதே அளவு இறங்கினாலும் லீவர் குறைவாகத்தான் திரும்பும். தொட்டதும் பாய்வது நின்றுபோகும். பன்னிரண்டு நம்பர் ஸ்பேனர் நட்டில் உட்கார்ந்து இறுகும்போது கைக்கு ஒரு நிம்மதி வருகிறது, இத்தனை நேரம் எங்கோ போயிருந்த ஒருவன் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போல. கைக்கு எல்லாம் தெரிகிறது. நட்டின் ஒரு மரை வழுக்கினால்கூடக் கைக்குத் தெரிகிறது. காலுக்கும் அப்படித்தான். காலுக்கு இன்னும் கூடத் தெரியும். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலால் ஓட்டுகிற ஆள் நான், முதல் நாளிலிருந்தே அப்படி. தொண்ணூற்று மூன்றில் இதை வாங்கிய மறுநாள், பதினாலு பெண்கள் ஏறினார்கள், பின்னால் எட்டு, நடுவில் நாலு, முன்னால் இரண்டு. எனக்கு இருபத்தாறு வயசு, மீசை சரியாக அடரவில்லை. திரும்பிப் பார்த்து எண்ண வெட்கமாக இருந்தது. ஐந்தாவது வளைவில் பெடல் என் பாதத்துக்குச் சொன்னது, பதினாலு பேர் இருக்கிறார்கள் என்று. பிறகு ஒரு வருசத்தில் யார் வரவில்லை என்பதே பாதத்தில் தெரிய ஆரம்பித்தது. அந்தப் பெண்களில் கனகு என்பவள் மாசமாக இருக்கிறாள் என்பதை அவள் புருசனுக்கு அடுத்தபடியாக என் வலது கால்தான் கவனித்திருக்கும். மழையில் பாதை ஊறியிருந்தால் ஊறியது தெரியும், கியர் மாற்ற வேண்டிய இடம் குதிகாலில் கூசும், எஞ்சினின் நடுக்கம் கட்டைவிரல் வழியாக ஏறி முழங்கால் வரை வந்து நிற்கும். பூனை மடியில் படுத்து உறுமுகிற மாதிரி. பெண்கள் பாடிக்கொண்டு வருவார்கள், நான் அந்தப் பாட்டுக்குக் காலால் தாளம் போடுவேன், வண்டி அந்தத் தாளத்துக்கு ஏறும். அது கடைசியாக எப்போது.

எஞ்சின் மவுண்டிங் ரப்பரைச் சித்திரையில் மாற்றினேன். அதற்குப் பிறகுதான் நடுக்கம் காலுக்கு வருவதில்லை, நல்ல ரப்பர், அதிர்வை எல்லாம் விழுங்கிவிடுகிறது. சித்திரைக்கு முன்னாலேயே வரவில்லையோ. மாசியில் மகாசிவராத்திரிக்கு முந்தின நாள் ஏறும்போது, இல்லை, அன்றைக்கு மழை, மழையில் கால் மரத்திருக்கும். ரப்பர் தேய்ந்திருந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், பள்ளத்தில் விழுந்ததும் எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும், ஆடும்போது ராடை அதுவே இழுக்கும், இழுத்தால் டீசல் போகும், டீசல் போனால் இன்னும் ஆடும், மிதித்தவன் காலும் சேர்ந்து ஆடும். ஒன்றை ஒன்று கிளப்பிவிட்டுக்கொண்டே வண்டி தவளை மாதிரி போகும். ஆனால் ரப்பர் புதுசு. புதுசு என்பதால் ஆடாது. ஆடாத எஞ்சின் ராடை இழுக்காது. அப்படியானால் செவ்வாய்க்கிழமை இழுத்தது எது. அதை அப்புறம் பார்க்கலாம். பெடலுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டை வைத்து அறைய வேண்டும், பாதத்தின் ஓரத்தை அதில் சாய்த்துக்கொண்டால் பள்ளத்தில் கால் தானாக எகிறி மிதிக்காது. வேப்பங்கட்டை ஒன்று சீவி வைத்திருக்கிறேன். கட்டைக்கு அளவு பார்க்கக் கீழே படுத்து உள்ளே தலையை நீட்டும்போது கிளட்ச் பெடலின் ரப்பரில் அந்தப் பழைய வெட்டு தெரிகிறது. ரத்தினம் போட்ட வெட்டு. தொண்ணூற்றொன்பதில், கண்மாய் வற்றிக் கிடந்த கோடையில், என் பெண்டாட்டிக்கு நான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அவளுடைய கொலுசின் திருகாணி பட்டுக் கிழிந்தது. கண்மாய்த் தரை முழுக்க வெடிப்பு விட்டிருந்தது, ஒவ்வொரு வெடிப்பிலும் சக்கரம் இறங்கி ஏறும். எனக்குப் பயம், இவள் பாய்ச்சிவிடப் போகிறாள் என்று கைப்பிரேக்கில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் மிதித்ததே தெரியவில்லை. கண்மாயின் அந்தக் கரை எங்களைப் பார்த்து நகர்ந்து வந்தது, அப்படித்தான் இருந்தது, வண்டி போகவில்லை, கரைதான் வந்தது. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, நெற்றியில் வேர்வையோடு அவள் ஓட்டியது இப்போதும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த வெயில், அந்தச் சேற்று வாசம், தரையில் செத்துக் கிடந்த நத்தைகள் சக்கரத்தில் நொறுங்குகிற சத்தம். லைசென்ஸ்கூட எடுத்தாள். அடுத்த வருசம் நான் மாமரத்திலிருந்து விழுந்து கை பிசகிக் கட்டுப் போட்டிருந்தபோது பதினோரு நாள் அவள்தான் போடிமெட்டு ஏறினாள். பதினோராம் நாள் பெண்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்து, ரத்தினம் ஓட்டினால் தூங்கிவிடுகிறோம், தோட்டம் வந்தபிறகு அவள்தான் எழுப்பிவிடுகிறாள் என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கட்டுப் பிரித்த அன்றைக்குச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அதற்குப் பிறகு அது ஆணிக்குத் திரும்பவில்லை. அவளும் கேட்கவில்லை. அங்கன்வாடியில் ஆயா வேலை கிடைத்தது, போய்விட்டாள். இருபத்தைந்து வருசத்தில் அவள் ஒருநாளும் கேட்கவில்லை என்பதை நான் ஏன் இப்போது, வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்துகொண்டு எண்ணுகிறேன்.

பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்தது. பானெட்டை இறக்கி, கையைத் துடைத்து, செருப்பைக் கழற்றித் தள்ளிவிட்டு ஏறினேன். புஷ் புதுசு, ஸ்பிரிங் இரண்டு, ராடு வெளி ஓட்டையில், கட்டை பாதத்தின் ஓரத்தில். இனிமேல் ஒரு குழந்தை மிதித்தாலும் குதிக்காது. வீட்டுக்குப் பின்னால் மாந்தோப்புக்குப் போகிற பாதை, பாதி கல், பாதி மணல், நடுவில் ஒரு சின்ன வாய்க்கால், சோதிக்க அதுவே போதும். முதல் கியர் போட்டேன், கிளட்சை விட்டேன், நகர்ந்தது, நன்றாகத்தான் நகர்ந்தது. வாய்க்காலில் முன்சக்கரம் இறங்கியது. ஏறுவதற்காகக் கொஞ்சம் மிதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம். நான் மிதிக்கிறேன் என்றுதான் நினைத்தேன், பெடல் இறங்கவில்லை என்றும் நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் ஜீப் கத்திக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி விழுந்து எதிரில் இருந்த மாங்கன்றை மடக்கிவிட்டு நின்றது, எஞ்சின் அணைந்தது. காற்று மட்டும். குனிந்து பார்த்தேன். என் கால் கட்டையின் மேல் இல்லை. பெடலின் மேல் முழுசாக ஏறி, குதிகால் தரையிலிருந்து எழும்பி, கடைசிவரை அமுக்கிக்கொண்டு கிடந்தது. வேறு யாருடைய காலோ என் வேட்டிக்குள்ளிருந்து நீண்டு கிடப்பது போல இருந்தது. எடு என்றேன், எடுத்தது. எடுத்ததை நான் பார்த்தேன், அவ்வளவுதான். அப்போது அந்த டாக்டரம்மாவின் முகம் வந்தது. இத்தனை நாளாக எங்கே ஒளித்து வைத்திருந்தேனோ அங்கிருந்து நேராக வந்தது. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில், பங்குனியில், கட்டிலில் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் தொடுகிறபோதெல்லாம் தெரிகிறது என்று சொல்லுங்கள் என்றார். தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றைக் கையில் வைத்திருந்தார். இடது காலில் சொன்னேன். வலது காலுக்கு வந்தபோது வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் ஆரம்பிக்கவில்லையோ என்று ஓரக்கண்ணைத் திறந்தால், நரம்பு வளைந்து என் பாதத்தில் ஊன்றி நிற்கிறது. தெரியுது என்றேன். அப்புறம் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, தெரியுது, தெரியுது, தெரியுது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். டிரைவர் என்றேன். நல்லது என்று எழுதிக்கொண்டார். வெளியே வந்து டீ குடித்தேன், ஏதோ பரீட்சையில் ஜெயித்தவன் மாதிரி. பதினொரு பெண்கள். அதில் பாண்டியம்மாளக்காவுக்கு அறுபத்து மூன்று வயசு, முப்பத்திரண்டு வருசமும் என் வண்டிதான். அந்த ஓடையின் சத்தம்.

ரத்தினம் சத்தம் கேட்டு ஓடிவந்திருக்கிறாள், கையில் கரண்டி அப்படியே இருந்தது. மாங்கன்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடிபட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். இன்னும் சரியாகவில்லையா என்றாள். ஆகிவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் நாளைக்குப் போய் முக்கில் நின்றிருப்பேன், அவர்களும் நம்பி ஏறியிருப்பார்கள். அதற்குப் பதிலாக நான் இறங்கி, இடது பக்கமாகச் சுற்றிப்போய் உட்கார்ந்துகொண்டு, நீ ஒரு தடவை ஓட்டிப் பார் என்றேன். இருபத்தைந்து வருசத்துக்கப்புறம் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் அவள் கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிசம் நின்றாள். பிறகு அதை வேலிக் கம்பில் மாட்டிவிட்டு ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். ஒருமுறை அணைந்தது, சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள், நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். இரண்டாம் முறை ரிவர்ஸ் போட்டு, கழுத்தைத் திருப்பி, வாய்க்காலுக்குள் இறங்கி ஏறினாள். அப்படியே நிறுத்தி, மறுபடி முன்னால் இறங்கி ஏறினாள். குதிக்கவில்லை. வண்டி தண்ணீரில் இறங்குகிற எருமை மாதிரி இறங்கி, எருமை மாதிரி ஏறியது. மாந்தோப்பின் கடைசி வரைக்கும் போனோம், இரண்டு பக்கமும் கிளைகள் உரசின, முற்றாத மாங்காய் ஒன்று பானெட்டில் விழுந்து உருண்டது. எனக்கு அந்தக் கண்மாய் வந்துவிட்டது, கரை நகர்ந்து வருகிற அந்தக் கோடை. தோப்பின் முனையில் நிறுத்திவிட்டு அவள் சொன்னாள், "ஏங்க, எதுக்கு இம்புட்டு இறுக்கமா வச்சிருக்கீங்க? ரெண்டு ஸ்பிரிங்கா போட்டுருக்கீங்க? ஒண்ணக் கழட்டிருங்க, கால் வலிக்குது." நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறுக்கமாக இருக்கிறதாம். எனக்கு அந்த இறுக்கம் தெரியவே இல்லை.

"ரத்தினம்," என்றேன், "எனக்குக் கால் தெரியல." சொல்லியாகிவிட்டது. சொன்னதும் ஏதாவது நடக்கும் என்று இருந்தேன், அவள் அழுவாள், பதறுவாள், என்றைக்கிலிருந்து என்று கேட்பாள். அவள் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த கிரீஸை விரலால் துடைத்துக்கொண்டே, "எனக்குத் தெரியும்" என்றாள். மாசி மாசம் ஒருநாள் நான் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தேனாம். இன்னொன்று வாசலிலேயே கழன்று கிடந்ததாம். அது கழன்றது தெரியாமல் நான் அடுப்படி வரைக்கும் நடந்து வந்து சாப்பாடு கேட்டேனாம். அப்போதிருந்து அவள் கவனித்திருக்கிறாள். மதியம் நான் கண்ணயர்ந்திருக்கும்போது கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்திருக்கிறாள், இரண்டு தடவை, நகம் பதிகிற அளவுக்கு. நான் அசையவில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பதினேழு வளைவிலும் இவள் தெரிந்துகொண்டே என்னை ஓட்டவிட்டிருக்கிறாள், பதினொரு பேரையும் சேர்த்து விட்டிருக்கிறாள். தோப்புக்குள் எங்கேயோ ஒரு செம்போத்து கத்தி ஓய்ந்தது. பிறகு சொன்னாள். "சொன்னா, சாவியக் கேக்குறேன்னு நெனைப்பீங்க." செவ்வாய்க்கிழமை பாண்டியம்மாளக்காவின் நெற்றியை அவளும் பார்த்திருக்கிறாள், கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நான் சொல்லாததும் அவள் சொல்லாததும் சேர்ந்துதான் அந்த இரண்டு முழத்தில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தியிருக்கிறது. அவளைத் திட்ட எனக்கு வாய் இல்லை. சாவியை இடுப்பில் செருகிய அந்தக் காலை நேரத்தை நினைத்தேன், ஆணி வெறுமையாக இருந்ததை, அவள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு போனதை. தப்பு என்னுடையது என்றேன். காலைச் சொல்கிறேனா சாவியைச் சொல்கிறேனா என்று அவள் கேட்கவில்லை.

பாண்டியம்மாளக்கா வீட்டுக்கு இப்போதே போகலாம் என்றேன், விட்டால் சாயந்தரத்துக்குள் என் மனசு மாறிவிடும் என்று எனக்குப் பயம். நடந்து போகலாம் என்றாள், லைசென்ஸ் காலாவதியாகிக் கிடக்கிறது. ஊருக்குள் இரண்டு தெரு, ஓட்டு என்றேன். அக்கா வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார், நெற்றிப் புடைப்பு கறுத்து இறங்கியிருந்தது. டிரைவர் சீட்டிலிருந்து ரத்தினம் இறங்குவதைப் பார்த்ததும் உரிப்பதை நிறுத்திவிட்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன். "பெடல் சரியாயிருச்சுக்கா. கால்தான் சரியில்ல. இனிமே நான் ஓட்டல." வரும் வழியெல்லாம் எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன், மன்னிப்பு, சர்க்கரை, ஆஸ்பத்திரி, முப்பத்திரண்டு வருசம். கடைசியில் அவ்வளவுதான் வந்தது. அக்கா என் காலைப் பார்த்தார். அப்புறம், சாப்பிட்டாச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். ஆஸ்பத்திரிக்கு எப்போது என்றார், நாளைக்கு என்று ரத்தினம் சொன்னாள். நாளைக்கு நாங்கள் கிழக்குத்தெரு வண்டியில் போய்க்கொள்கிறோம், நீங்கள் முதலில் அதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, அக்கா உரித்த மொச்சையில் பாதியை ஒரு துணியில் முடிந்து ரத்தினத்தின் கையில் கொடுத்தார். லைசென்ஸைப் புதுப்பிக்க எத்தனை நாளாகும் என்றும் அவளிடம்தான் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. அது எனக்குச் சுருக்கென்று இருந்தது, இருக்கட்டும்.

திரும்பி வரும்போது இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கண்மாய்க் கோடைக்குப் பிறகு இந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை, இன்றைக்குத்தான். கால் நீட்ட இங்கே இத்தனை இடம் இருக்கிறது என்பதே தெரியாது. மேற்கே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது, தோட்டப் பக்கம் மழை பெய்யும், நாளைக்குப் பாதை வழுக்கும், ஓட்டுகிறவன் இரண்டாம் கியரைவிட்டு மாறக்கூடாது என்று நினைத்தேன். பிறகு, அதை நினைக்க வேண்டிய ஆள் நானில்லை என்று நினைத்தேன், அப்படி நினைத்ததும் நெஞ்சுக்குள் ஒன்று இறங்கியது. அது துக்கமா பாரமா, அல்லது பாரம் போனதா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தெருமுனையில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. ரத்தினம் வேகத்தைக் குறைத்து ஒதுங்கினாள். வண்டி தாண்டிப் போனதும், கீழே ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"எதுக்கு அமுக்குறீங்க? நான்தான ஓட்டுறேன்."

குனிந்து பார்த்தேன். என் வலது கால், ஒன்றுமில்லாத தகரத் தரையை, பலங்கொண்ட மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. கையால் முழங்காலைப் பிடித்து மெதுவாகத் தூக்கி அதை எடுத்து வைத்தேன்.